உறவு: மனைவி

மார்ச் 2, ஞாயிறு

டிபன் பாக்ஸில் நான் வைத்த அவியல் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. மூடியைத் திறந்தால் மீன் ஊறுகாய் வாசம். என் வீட்டில் மீன் ஊறுகாய் போடுவதில்லை. கேட்டதற்கு, "ஜெயசீலி கொண்டாந்தா, ரெண்டு துண்டு போட்டா. அதுக்கென்ன இப்போ?" என்றார். அதுக்கென்ன இப்போவாம்!

இந்த ஜெயசீலி யார் என்று எழுதி வைக்கிறேன். என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் ஓட்டுகிற பஸ்ஸின் கண்டக்டர். முப்பத்திநாலு வயது. புருஷன் கேரளாவில் ரப்பர் பால் வெட்டுகிறான், கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை தலையைக் காட்டுவான். இரண்டு வருஷமாக இவரும் அவளும் ஒரே வண்டி. போன மாதம் டெப்போவில் கண்டக்டரை மாற்றுகிறோம் என்றதற்கு, "வேண்டாம், ஜெயசீலியே வரட்டும்" என்று இவரே சொல்லியிருக்கிறார். அதுவும் எனக்குப் பக்கத்து வீட்டு மெக்கானிக் மனைவி சொல்லித்தான் தெரிகிறது.

அதையும் கேட்டேன். "அவ விசில நம்பி ஓட்டலாம் முப்பிடாதி. ஒண்ணு அடிச்சா கண்ண மூடிட்டு நிப்பாட்டலாம். ரெண்டு அடிச்சா கண்ண மூடிட்டு எடுக்கலாம்" என்று விளக்கம். பதினெட்டு வருஷமாக நான் தொண்டை கிழியக் கூப்பிட்டு ஒரு தடவைகூட இந்த மனுஷன் உடனே திரும்பிப் பார்த்ததில்லை. அவள் ஊதினால் நிற்பாராம், ஊதினால் போவாராம்.

நாளைக்கு மகள் ரஞ்சனிக்குப் பிளஸ் டூ பரீட்சை ஆரம்பம். அவள் முன்னால் சண்டை போட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 3, திங்கள்

அங்கன்வாடி டீச்சர்களுக்கு மாதாந்திர மீட்டிங். காலை பத்திலிருந்து மாலை நாலு வரை யூனியன் ஆபீஸில். சூப்பர்வைசரம்மா என் எடைப் பதிவேட்டைத் தூக்கிக் காட்டி, "இப்படி எழுதணும்" என்று எல்லோரிடமும் சொன்னார். அடுத்த மீட்டிங் ஏப்ரலில்தான்.

மாலையில் ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் இவர் குரல். "என் போன்ல சார்ஜ் இல்ல. இது ஜெயசீலி நம்பரு. போட்டு வச்சுக்கோ, அவசரத்துக்கு ஆகும்" என்றார். பின்னால் அவள் சிரிக்கிற சத்தம். எதற்குச் சிரிக்கிறாள்?

எண்ணைப் போட்டு வைத்துக்கொண்டேன். என்ன பெயரில் என்று இங்கே எழுத மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். ரஞ்சனி கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள்.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் டிபன் பாக்ஸை எடுக்காமலே டூட்டிக்குப் போனார். போகட்டும், ஊறுகாய் இருக்கிறதே.

அவருக்கு அடிபட்டுவிட்டது. பஸ்ஸும் லாரியும். பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

உயிர் இருக்கிறது. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்று பதினொன்றரை மணிக்கு டெப்போ டைம்கீப்பர் பைக்கில் அங்கன்வாடிக்கே வந்துவிட்டார். குழந்தைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். "டீச்சர், கெளம்புங்க, வண்டில ஏறுங்க" என்றார். வழியில்தான் சொன்னார். காலை ஒன்பது மணிக்கு, எதிரே வந்த செங்கல் லாரி டயர் வெடித்து இந்தப் பக்கம் வந்துவிட்டதாம். பயணிகளுக்குப் பெரிய அடி இல்லை. ஸ்டியரிங் இவர் நெஞ்சில் ஏறிவிட்டது.

நான் போவதற்குள் ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. மூன்று மணி நேரம் கழித்துப் பெரிய டாக்டரம்மா வெளியே வந்தார். "இடப்பக்க நுரையீரலை முழுசா எடுத்துட்டோம். சாதாரணமா கிழிஞ்ச இடத்தை மட்டும் தைப்போம். இவருக்கு வேர்லயே, பெரிய ரத்தக்குழாயோட சேர்ந்து கிழிஞ்சிருந்தது. எடுக்கலைன்னா டேபிள்லயே போயிருப்பார்" என்றார். ஒரு நுரையீரலை வைத்து மனுஷன் இருக்க முடியுமா என்று கேட்டேன். இருக்கலாம், ஆனால் இந்த மாதிரி அவசரத்தில் எடுத்தவர்களில் பாதிக்கு மேல் தேறுவதில்லை, முதல் பத்து நாள் கண்டம் என்றார்.

சொன்னதெல்லாம் என்னைப் பார்த்து இல்லை. எனக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்து. ஜெயசீலி. காக்கிக் கோட்டு முழுக்க இவர் ரத்தம் காய்ந்து கிடந்தது. "நல்லவேளை, உடனே கையெழுத்துப் போட்டீங்க. இல்லாட்டியும் நாங்க ரெண்டு டாக்டர் சேர்ந்து எழுதிட்டுப் பண்ணியிருப்போம், அதுக்குள்ள கொஞ்ச நேரம் போயிருக்கும். அந்தக் கொஞ்ச நேரம் இவர்கிட்ட இல்ல" என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

என்ன கையெழுத்து என்று நர்ஸிடம் கேட்டேன். "ஆபரேஷனுக்குச் சம்மதம்தான். அவர் சம்சாரம் போட்டாங்கல்ல" என்று அவளைக் கையால் காட்டினாள்.

சம்சாரம்! ஐ.சி.யு.வுக்குள் போக ஒரே ஒரு ஆளுக்குத்தான் பாஸ். அதுவும் அவள் கையில். அவள் வந்து, "மதினி, நீங்க உள்ள போங்க" என்று பாஸை நீட்டினாள். மதினியாம். இவர் அவளுக்கு அண்ணனாம். ஊரை ஏய்க்க ஒரு உறவு முறை. பாஸை வாங்கிக்கொண்டேன், முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே போனால் வாசலில் வேறு நர்ஸ். பாஸையும் என்னையும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "நீங்க மூத்தவங்களா?"

முதலில் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கட்டிலில் வாயில் குழாயோடு, நெஞ்சில் குழாயோடு இவர் கிடக்கிறார். நான் அழ வேண்டிய நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூத்த தாரமாம் நான்!

அந்த நர்ஸ் பிறகு, "வீட்டுக்குத் தகவல் சொல்லலியா, லேட்டா வந்தீங்க" என்று கேட்டாள். மீட்டிங்கில் இருந்தேன், போன் பையில் இருந்தது என்றேன்.

மார்ச் 6, வியாழன்

மெஷின்தான் மூச்சு விடுகிறது. இன்றும் கண் திறக்கவில்லை.

டாக்டரம்மா இன்று எனக்கும் விளக்கினார். நெஞ்சுக் குழாயை இறுக்கி மூடி வைத்திருக்கிறார்கள், மணிக்கு ஒரு தடவை ஒரு நிமிஷம் திறந்து பார்ப்பார்கள். வலப்பக்கம் சாய்த்துப் படுக்க வைக்கக் கூடாது, இருக்கிற ஒரு நுரையீரல் அமுங்கும். மல்லாக்க, அல்லது இடப்பக்கம். தண்ணீர் அளந்துதான். அதிகமானால் இருக்கிற நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். எடுத்த இடம் காலியாக இருக்கும், மெல்ல மெல்ல நீர் ஊறி இறுகும் என்றார்.

ஆக, நெஞ்சில் பாதி இடம் காலி என்று டாக்டரே சொல்லிவிட்டார். அங்கே யாரும் குடியேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரஞ்சனி நாத்தனார் வீட்டில் இருக்கிறாள். "அப்பாவுக்குக் கால்ல அடி" என்று சொல்லி வைத்திருக்கிறோம். இங்கிலீஷ் பரீட்சை முடியட்டும்.

மார்ச் 7, வெள்ளி

அப்படியே இருக்கிறார். ஜெயசீலி இடியாப்பம் கொண்டுவந்தாள். வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன். நல்லா இருந்தது என்று வாட்ச்மேன் என்னிடமே வந்து சொல்கிறான்.

மார்ச் 9, ஞாயிறு

குழாயை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறார்! சங்கரன்கோவில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

குரல் இல்லை. காற்று மட்டும் வருகிறது. குரல் நரம்பு ஒன்று நெஞ்சுக்குள் இடப்பக்கமாக இறங்கி ஏறுகிறதாம், அதுவும் அடிபட்டிருக்கலாம், மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். டெப்போவில் இவர் பேசினால் பணிமனைக் கடைசி வரை கேட்கும். இப்போது காதை வாயருகே கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

கொண்டுபோனேன். பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு ஆசையாகக் காதைக் கொடுத்ததில்லை. மறுபிறவி எடுத்து வந்த மனுஷனின் முதல் வார்த்தை:

"ஜெயசீலிக்கு... அடியா?"

"ஒண்ணுமில்ல. கல்லு மாதிரி இருக்கா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு சொட்டு நீர் வழிந்தது. நான் துடைக்கவில்லை. பிறகு துடைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் ஓரக் கட்டில்.

மார்ச் 12, புதன்

ஒரு பிளாஸ்டிக் சாமான் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே மூன்று பந்து. குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் பந்து மேலே ஏற வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு தடவை செய்யாவிட்டால் சளி கட்டி இருக்கிற நுரையீரலும் போய்விடும் என்று பயமுறுத்திவிட்டுப் போனார்கள்.

காலையிலிருந்து கெஞ்சினேன். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னேன். பந்து ஏறினால் ஒரு கதை சொல்கிறேன் என்றுகூடச் சொன்னேன். வலிக்கிறது என்று தலையை ஆட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

மத்தியானம் அவள் வந்தாள். டூட்டி முடித்து நேராக. கட்டில் காலடியில் நின்று பார்த்தாள். உதட்டைக் குவித்து இரண்டு விசில் அடித்தாள். இவர் திரும்பினார். குழாயை வாயில் வைத்தார். இழுத்தார். ஒரு பந்து டக்கென்று மேலே போய் முட்டியது. வார்டே கைதட்டியது.

நானும் கைதட்டினேன், வேறு என்ன செய்ய?

அவள் போனதும் பாத்ரூமில் போய் விசில் அடித்துப் பார்த்தேன். எச்சில்தான் தெறித்தது. துணி அலசிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வந்து உட்கார்ந்து ஒரு புகார் எழுதினேன். பதிவேடு எழுதிய கை, தப்பு இல்லாமல் வந்தது. "மேற்படி நபர், நோயாளியின் மனைவி நான் உயிரோடு இருக்கும்போது, தன்னை மனைவி என்று பொய்யாகக் கூறி ஆபரேஷன் படிவத்தில் கையெழுத்திட்டுள்ளார். தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." விபத்துக் கேஸ் என்பதால் போலீஸ் விசாரணைக்கு வரும் என்கிறார்கள். வரும்போது கொடுப்பேன். அவள் வேலை என்ன ஆகும் என்பது அவள் கவலை.

மார்ச் 13, வியாழன்

இன்று நல்ல நாள். அவள் வரவில்லை, இரட்டை டூட்டி.

தாகம் தாகம் என்று இவர் தவித்தார். அன்றைய தண்ணீரை அளந்து வைத்த, கோடு போட்ட பாட்டிலில் பாதிதான் மிச்சம். நேற்று அவளிடமும் கேட்டிருக்கிறார். "முடியாது அண்ணாச்சி, டாக்டரம்மா சொன்ன அளவுதான்" என்று கறாராகச் சொல்லிவிட்டாளாம். இன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது தா முப்பிடாதி" என்றார். நீயாவது! கேட்டதும் மனசு குளிர்ந்துவிட்டது. வாசலில் இளநீர் விற்கிறான். உடம்புக்கு நல்லதுதானே. கொஞ்சம் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மார்ச் 14, வெள்ளி

விடிகாலையில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. நெஞ்சுக்குள் கொதிக்கிற சத்தம். உதடு நீலம் பாரித்துவிட்டது. ஓடி வந்து மாஸ்க் போட்டு, ஊசி போட்டு, மறுபடி ஐ.சி.யு.வுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நுரையீரலில் நீர் கோத்துவிட்டதாம்.

டாக்டரம்மா கத்தினார். "யார் குடிக்கக் கொடுத்தது? இன்னொரு நுரையீரல் கடைல விக்குதா?"

நான் கோடு போட்ட பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் டூட்டிக்குப் போகிற வழியில் ஜெயசீலி எட்டிப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் கிடந்த இளநீர்க் கூட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நாந்தான் டாக்டர். தெரியாமக் குடுத்துட்டேன்" என்றாள்.

அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். இனி வார்டுப் பக்கமே வரக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

இதைத்தானே நான் கேட்டேன்?

மார்ச் 15, சனி

நான் கொடுத்தது கொஞ்சம் இல்லை. இரண்டு இளநீர். அதற்குமேல் இரண்டு தம்ளர் தண்ணீர்.

மார்ச் 17, திங்கள்

நீர் வடிந்துவிட்டது, கண்டம் தாண்டிவிட்டார் என்று மறுபடி வார்டுக்கு அனுப்பினார்கள். பந்து இழுக்கவில்லை. நான் சொன்னால் செய்வதில்லை. விசில் இல்லை.

மார்ச் 19, புதன்

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

காலையில் வார்டு பாய் வந்து, "சங்கரலிங்கம் சம்சாரம், ரெக்கார்டு ரூமுக்கு வாங்க. ஸ்டேஷன்லருந்து ஏட்டு வந்திருக்காரு" என்றான். கைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். புகார் இருந்தது. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன்.

ஏட்டு வயதானவர், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். ஒரு வெள்ளைத்தாளில் ஏதோ எழுதி, "விபத்து நடந்தப்போ நீங்க வண்டில இல்லன்னு எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். போட்டேன். கிளார்க் ஒரு பைலைப் புரட்டிக்கொண்டே, "இந்தச் சம்மதப் படிவத்துக்கும் ஒரு நகல் வேணும்ல சார்?" என்று மேசையில் வைத்தான்.

அதற்காகத்தானே பதினைந்து நாளாகக் காத்திருந்தேன். என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று குனிந்தேன்.

உறவு என்ற இடத்தில் மனைவி என்று இருந்தது. பெயர் என்ற இடத்தில் ஜெயசீலி இல்லை.

ச. முப்பிடாதி. வயது 41.

கீழே கையெழுத்தும் அதே. ச. முப்பிடாதி. நேரம் காலை 9.55. ஓரத்தில் ஒரு பழுப்புக் கட்டைவிரல் கறை. இவர் ரத்தமாகத்தான் இருக்க வேண்டும்.

திரும்பத் திரும்பப் படித்தேன். என் பெயர். என்னைவிட உருண்டையான எழுத்தில் என் பெயர். வயதைக்கூடச் சரியாகப் போட்டிருக்கிறாள். ஊரில் எல்லோருக்கும் முப்பத்தொன்பது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். அதையும் அவளிடம் சொல்லியிருக்கிறார் இந்த மனுஷன்!

ஏட்டு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நான் போட்டதையும் படிவத்தில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, ரெண்டும் வேற வேற கையா இருக்கே. இது நீங்க போட்டதுதானா? வேற யாராச்சும் உங்க பேருல போட்டிருந்தா இப்பவே சொல்லிடுங்க. அது தனிக் கேஸு."

கிளார்க் பைலைப் பிடித்தபடி நின்றான். கைப்பை என் மடியில் இருந்தது. கேட்டபடி எல்லாம் வந்து வாய்த்திருந்தது. ஒரு வார்த்தை போதும்.

"ரெண்டும் நான் போட்டதுதான்" என்றேன்.

"இது இப்படி இருக்கு, அது அப்படி இருக்கு?"

"புருஷன் நெஞ்சு நொறுங்கி உள்ள கெடக்கும்போது உங்க வீட்டம்மா மணி மணியாவா சார் கையெழுத்துப் போடுவாவ? கை நடுங்கிச்சு."

நடுங்கிய கை அவ்வளவு உருண்டையாக எழுதாது என்று ஏட்டுக்குத் தெரிந்திருக்கும். "சரி, சரி" என்று பைலை மூடிக் கட்டினார்.

வெளியே வந்து வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜெயசீலிக்கு நானே போன் போட்டேன். முதல் தடவையாக. மதியம் எதிரே இருக்கிற பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கும் நேரத்தில் ஓடி வந்தாள், கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளேதான் வரக் கூடாதே. இரண்டு டீ வாங்கினேன்.

"எதுக்கு என் பேரப் போட்ட?"

அவள் டீயைக் குடிக்காமல் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். "டாக்டரம்மா வந்து, நேரமில்ல, இவருக்கு யாரு இருக்கா, நீங்க சம்சாரமான்னு கேட்டாவ மதினி. இல்லன்னு சொன்னா வேற யாரக் கூப்பிடன்னு தேடுவாவ. ஆமான்னுட்டேன். பேரு எழுதச் சொன்னாவ. என் பேர எழுதினா நாளைக்கு உங்களுக்குல்லா அசிங்கம். அதான் உங்க பேரு."

"என் வயசு எப்படித் தெரியும்?"

"உங்கள பத்தி எனக்குத் தெரியாதது என்ன இருக்கு? சாயங்கால டிரிப்புல கூட்டம் இருக்காது. ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் முப்பிடாதி இப்படிச் சொன்னா, முப்பிடாதி அப்படிப் பண்ணினான்னு ஒரே பாட்டு. காது புளிச்சுப் போச்சு மதினி. அன்னிக்குப் போன்ல சிரிச்சேன்லா, அதுவும் அதுக்குத்தான். அண்ணாச்சி, மதினி கிட்டப் பேசும்போது மட்டும் எழுந்து நின்னு பேசுதாவ."

அவளே மெதுவாகச் சொன்னாள். "கையெழுத்துக்கு முன்னால உங்களுக்குத்தான் போன் போட்டேன். ஆம்புலன்ஸ்லருந்தே போட்டேன். ஒம்போது தடவை. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மணி அடிச்சதும் கட்டாயிருச்சு."

நான் டீயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மீட்டிங்ல இருந்திருப்பிய" என்றாள் அவள்.

"ஆமா" என்றேன்.

டிரைவர் அங்கிருந்து ஹாரன் அடித்தார். ஓடிவிட்டாள். டீ அப்படியே இருந்தது.

மீட்டிங் திங்கட்கிழமை. விபத்து செவ்வாய்க்கிழமை. போன் பையில் இல்லை, மேசை மேல், எடைக் கருவிக்குப் பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். ஊறுகாய்க்காரி சமாதானம் பேச வருகிறாள் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் நானே கட் செய்தேன். ஏழாவது தடவை பிள்ளைகளிடம், "இந்த ஆன்ட்டிக்கு வேலையே இல்ல" என்று சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். அந்த நேரத்தில் இவர் நெஞ்சுக்குள் ரத்தம் நிரம்பிக்கொண்டிருந்தது.

அந்த எண்ணை நான் போட்டு வைத்திருக்கும் பெயர்: எடுக்காதே.

நான்தான் கட் செய்தேன் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மீட்டிங் என்று எனக்கே எடுத்துக் கொடுத்தாளே, அதற்கும் எனக்கு அவள்மேல் எரிச்சல்தான். இவ்வளவு நல்லவளாக இருக்க வேண்டும் என்று அவளை யார் கேட்டது?

மார்ச் 20, வியாழன்

டாக்டரம்மாவிடம் போய், இளநீர் கொடுத்தது நான், அந்தப் பெண் இல்லை என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "தெரியும்மா. அவர் நேத்தே சொல்லிட்டார்" என்றார். "உங்களைத் திட்டக் கூடாதுன்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டார்."

ஜெயசீலி வார்டுக்கு வரலாம் என்று எழுதி வாங்கினேன். சாயங்காலம் வந்து இரண்டு விசில் அடித்தாள். இரண்டு பந்து ஏறியது. வயிறு எரிந்தது. எரிந்தாலும் எண்ணினேன், பத்து தடவை.

மார்ச் 24, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. ரஞ்சனி அப்பாவின் தையல் தழும்பைப் பார்த்து அழுதாள். முதுகிலிருந்து நெஞ்சு வரை வளைந்து வருகிறது. இனி பஸ் ஓட்ட முடியாது, டெப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுப்பார்களாம். ஸ்டியரிங் பிடித்த கையால் போர்வையை முறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

புகாரை அடுப்பில் போட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

பத்து படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நேற்று எட்டு. முன்னேற்றம்தான்.

மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தார். எங்கள் கட்டில் சுவரை ஒட்டிப் போட்டது. பதினெட்டு வருஷமாக வலப்பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பித்தான் தூங்குவார், நான் முதுகைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். இப்போது வலப்பக்கம் கூடாது. டாக்டர் உத்தரவு. இடப்பக்கம் திரும்பினால் என் முகம்தான். வேறு வழியே இல்லை. என் வாழ்நாளில் எந்த டாக்டரும் இவ்வளவு நல்ல மருந்து எழுதியதில்லை.

"என்ன பாக்க?" என்றார், காற்றுக் குரலில்.

"ஒண்ணுமில்ல. தூங்குங்க."

தூங்கிவிட்டார். ஒரு பக்க நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. மற்றப் பக்கம் அசையவில்லை. அசையாத பக்கத்தில் கையை வைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மணி. வண்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற நேரம். புது டிரைவருக்கு அவள் விசில் புரியவில்லையாம், ஒன்று அடித்தால் போகிறானாம், இரண்டு அடித்தால் நிற்கிறானாம். நேற்றுச் சொல்லிச் சிரித்தாள். இன்றைக்கும் கேட்பாள், அண்ணாச்சி சாப்பிட்டாவளா, பந்து இழுத்தாவளா, தண்ணி அளந்துதானே குடுக்கிய என்று. கேட்கக் கேட்க எனக்கு எரியும். என் புருஷனுக்குத் தண்ணீர் அளக்க இவள் யார் என்று தோன்றும். தோன்றட்டும்.

தலையணைக்குப் பக்கத்தில் போன் அதிர்ந்தது. பெயரை இன்னும் மாற்றவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் நான் பார்க்க வேண்டும்.

எடுக்காதே என்று திரை சொன்னது. முதல் மணியிலேயே எடுத்தேன்.